பிளாக்ஃபிஷ் (2013 ஆவணப்படம்): ஒரு திறனாய்வு

'பிளாக்ஃபிஷ்' 2013-ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம். இதை இயக்கியவர் கப்ரியேலா கௌபர்த்வெயிட். ஏறத்தாழ 83 நிமிடங்கள் ஓடும் இப்படம் அவ்வாண்டு சனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அக்டோபரில் சி.என்.என். தொலைக்காட்சி ஒளிபரப்பிய பிறகு பல இலட்சம் வீடுகளைச் சென்றடைந்தது. திலிகம் என்ற ஆண் ஓர்க்கா திமிங்கலத்தின் வாழ்க்கையை முன்வைத்து, கடல்வாழ் பாலூட்டிகளைக் கேளிக்கைக்காகத் தொட்டியில் அடைத்து வைப்பது சரியா என்று இப்படம் கேட்கிறது.

படம் வந்து சேரும் முடிவு சரியானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் அந்த முடிவுக்கு அது நம்மை அழைத்துச் செல்லும் வழியைப் பற்றிச் சில கேள்விகள் உண்டு. படத்தைப் பார்த்து உருகுவது எளிது. அதன் வாதங்களில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்ப்பதே மாணவர்களுக்குப் பயன்தரும்.

பெயரும் பொருளும்

ஓர்க்கா உண்மையில் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்திலேயே மிகப் பெரியது. தமிழில் டால்பினை ஓங்கில் என்றும் சொல்வர். திமிங்கலங்களையே வேட்டையாடுவதால் 'கொலைகாரத் திமிங்கலம்' என்ற பெயரும் ஓர்க்காவுக்கு உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் தொல்குடி மக்கள் இதைக் 'கருமீன்' என்ற பொருளில் அழைத்ததாகப் படத்தில் சொல்லப்படுகிறது. படத்தின் தலைப்பு அதிலிருந்து வந்தது.

'திலிகம்' என்பதும் அப்பகுதியின் சினூக் கலப்பு மொழிச் சொல்லே. நண்பர், மக்கள், சுற்றத்தார் என்னும் பொருள்களைத் தரும். சுற்றத்திலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு விலங்குக்கு இந்தப் பெயர் வாய்த்தது.

பெயர் பற்றிய இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். சீவேர்ல்ட் நிறுவனம் 1964-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே வந்த ஓர்க்காவின் பெயர் ஷாமு. அது 1971-இல் இறந்துவிட்டது. ஆனால் 'ஷாமு' இறக்கவில்லை. அதன்பின் மேடைக்கு வந்த ஓர்க்காக்கள் பலவும் பார்வையாளருக்கு ஷாமு என்றே அறிமுகம் செய்யப்பட்டன. ஒன்று இறந்தாலும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டாலும், பார்க்க வந்த குழந்தைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. இப்படம் செய்த முதல் நற்செயல் இந்த மேடைப் பெயரைக் கழற்றியதுதான். பிறந்த கடல், பிடிபட்ட நாள், அடைபட்ட இடங்கள், உடல் தழும்புகள் என்று தனக்கே உரிய வரலாறு கொண்ட ஓர் உயிராகத் திலிகத்தை அது காட்டுகிறது.

திலிகத்தின் வரலாறு

1983 நவம்பரில் ஐசுலாந்து நாட்டுக் கடலில் ஏறத்தாழ இரண்டு வயதில் திலிகம் பிடிக்கப்பட்டது. அந்நாட்டுக் காட்சியகம் ஒன்றில் ஓராண்டளவு வைக்கப்பட்டபின், கனடாவின் விக்டோரியா நகரை அடுத்த 'சீலாண்டு ஆஃப் தி பசிஃபிக்' என்ற சிறு பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே முன்பே இருந்த இரண்டு பெண் ஓர்க்காக்கள் அதைப் பற்களால் கீறித் துன்புறுத்தின. பூங்கா வலையால் அமைந்தது. இரவில் யாராவது வலையை அறுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், மூன்றையும் மாலையில் ஓர் இருண்ட இரும்புக் கூண்டுக்குள் அடைத்துக் காலையில்தான் திறந்தார்கள். அதன் அகலம் ஏறத்தாழ 20 அடி என்று அங்கே வேலை செய்தவர்கள் படத்தில் கூறுகிறார்கள். உள்ளே போக மறுத்தால் உணவு குறைக்கப்பட்டது என்றும் சொல்கிறார்கள். காலையில் வெளியே வரும் திலிகத்தின் தோலில் புதிய கீறல்கள் இருக்கும்.

1991 பிப்ரவரி 20 அன்று கெல்ட்டி பெர்ன் என்ற 20 வயதுப் பயிற்சியாளர் கால் தவறித் தொட்டியில் விழுந்தார். அவர் கல்லூரி மாணவி. நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டவர். மூன்று ஓர்க்காக்களும் அவரை வெளியேற விடவில்லை. அவர் மூழ்கி இறந்தார். அடுத்த ஆண்டு அப்பூங்கா மூடப்பட்டது. திலிகம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஓர்லாண்டோ சீவேர்ல்டுக்கு விற்கப்பட்டது.

1999 சூலையில், பூங்கா மூடியபின் உள்ளே தங்கிவிட்ட 27 வயது இளைஞர் ஒருவரின் உடல் காலையில் திலிகத்தின் முதுகின்மேல் காணப்பட்டது. 2010 பிப்ரவரி 24 அன்று, அனுபவம் மிக்க பயிற்சியாளர் டான் பிரான்ஷோவை, ஒரு காட்சி முடிந்த நேரத்தில் திலிகம் நீருக்குள் இழுத்துக் கொன்றது. அவருக்கு வயது 40. பார்வையாளர்கள் சிலர் அருகிலேயே இருந்தனர்.

இத்தனைக்குப் பிறகும் திலிகம் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தப்பட்டது. மொத்தம் 21 குட்டிகளுக்கு அது தந்தை. 2017 சனவரி 6 அன்று ஓர்லாண்டோவில் இறந்தது. 33 ஆண்டுகள் அது அடைபட்டே வாழ்ந்தது.

படத்தின் அமைப்பு

படம் ஒரு குற்றப் புலனாய்வுக் கதையைப் போலத் தொடங்குகிறது. திரையில் நீருக்கடியில் நீந்தும் ஓர்க்கா. பின்னணியில் 2010 விபத்தன்று அவசர உதவிக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் ஒலிப்பதிவு. இறந்தது யார், கொன்றது எது என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். ஏன் என்பதைத் தேடிப் படம் பின்னோக்கிப் போகிறது.

பேசுகிறவர்களில் பெரும்பாலோர் சீவேர்ல்டின் முன்னாள் பயிற்சியாளர்கள். இளம் வயதில் வியப்போடு வேலைக்குச் சேர்ந்தவர்கள். விலங்குகளை உண்மையாகவே நேசித்தவர்கள். தாங்கள் அன்று பார்வையாளர்களிடம் சொன்ன பொய்களை எண்ணி வெட்கப்படுகிறார்கள். இவர்களின் சொற்களுக்கு இடையே நிறுவனத்தின் பழைய விளம்பரப் படங்கள் வருகின்றன. சிரிக்கும் குழந்தைகள், துள்ளும் ஷாமு, உற்சாக இசை. இவை எதற்கும் இயக்குநர் உரை தேவைப்படவில்லை. பக்கத்தில் வைத்த இடமே விமர்சனமாகிவிடுகிறது. நீதிமன்ற விசாரணையைப் படமெடுக்க முடியாததால், சாட்சியங்களைக் கோட்டோவிய அசைபடமாக்கியிருப்பதும் நன்றாகப் பொருந்துகிறது.

டான் பிரான்ஷோவின் இறுதி நிமிடங்களைப் படம் காட்டவில்லை. அந்தக் கண்ணியம் பாராட்டத்தக்கது. ஆனால் 2006 நவம்பரில் சான் டியேகோவில் கசட்கா என்ற பெண் ஓர்க்கா, பயிற்சியாளர் கென் பீட்டர்ஸின் காலைக் கவ்வித் தொட்டியின் அடிக்கு மீண்டும் மீண்டும் இழுத்த நிகழ்வு நீண்ட நேரம் காட்டப்படுகிறது. அவர் பதறாமல், மேலே வரும்போதெல்லாம் திமிங்கலத்தின் முதுகை மெல்லத் தட்டிக் கொடுத்து, மூச்சை அடக்கி உயிர் தப்புகிறார். பார்ப்பவர் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிடுவார். இப்படத்தின் வலிமையும் சிக்கலும் இந்தப் பதைபதைப்பில்தான் இருக்கின்றன.

முதல் வாதம்: மனிதருக்கு ஆபத்து

ஓர்க்காக்களோடு நீரில் இறங்குவது ஆபத்தானது. நிறுவனம் அதை அறிந்தும் மறைத்தது என்பது படத்தின் முதல் வாதம். இதற்குச் சான்றுகள் வலுவானவை. டான் பிரான்ஷோ வழுக்கி விழுந்தார் என்றே முதலில் செய்தி வந்தது. பிறகு, அவருடைய நீண்ட சடைமுடி திமிங்கலத்தின் வாய்க்கருகே மிதந்ததால் அது பற்றியிழுத்தது என்று சொல்லப்பட்டது. இறந்தவர்மீதே பழி போடும் முயற்சி இது என்கிறார்கள் முன்னாள் பயிற்சியாளர்கள்.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 2010 ஆகஸ்டில் 75,000 டாலர் தண்டம் விதித்தது. 2012-இல் தீர்ப்பளித்த நீதிபதி தொகையை 12,000 டாலராகக் குறைத்தார். ஆனாலும், காட்சிகளின்போது பயிற்சியாளருக்கும் ஓர்க்காவுக்கும் இடையே தடுப்போ போதிய இடைவெளியோ இருக்க வேண்டும் என்ற அடிப்படை நிலைத்தது. 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இதை உறுதி செய்தது. திமிங்கலத்தின் முதுகில் ஏறி நின்று பாயும் சாகசங்கள் அத்தோடு அங்கே முடிந்தன.

ஆகவே முதல் வாதம் நீதிமன்றத்திலும் நின்றது. ஆனால் அது நிலைநாட்டுவது எதை? தொழிலாளி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. தடுப்புச் சுவர் எழுப்பினால் அந்த வாதம் நிறைவேறிவிடும். சுவருக்கு அப்பால் இருக்கும் உயிரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் வாதம்: அடைப்பு பித்தாக்கியது

கடலில் வாழும் ஓர்க்கா மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு எதுவுமில்லை; தொட்டியில் அடைத்தவை கொன்றிருக்கின்றன; ஆகவே அடைப்புதான் காரணம் என்பது படத்தின் இரண்டாம் வாதம். கேட்டவுடன் மறுக்க முடியாததாகத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

கடலில் ஓர்க்காவுக்குப் பக்கத்தில் நாள்தோறும் நீந்துகிறவர் எவருமில்லை. தொட்டியில் பயிற்சியாளர்கள் தினமும் பல மணி நேரம் அருகே இருக்கிறார்கள். வாய்ப்பே வேறுபடும்போது எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது முறையன்று. மேலும், தொட்டிகளில் வாழ்ந்த எத்தனையோ ஓர்க்காக்கள் யாரையும் கொன்றதில்லை. திலிகத்தின் மனத்தில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. சினத்தாலா, சலிப்பாலா, விளையாட்டாகவா? படம் ஓர் உறுதியான விடையைப் பார்வையாளரின் மனத்தில் ஊன்றுகிறது. அந்த உறுதிக்குப் போதிய ஆதாரம் படத்தில் இல்லை.

அடைப்பு தீங்கு செய்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்றுகள் உண்டு. சங்கிலியில் கட்டிய யானை மணிக்கணக்காகத் தலையை ஆட்டிக்கொண்டே நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அது ஆட்டம் அல்ல. செய்வதற்கு ஒன்றுமில்லாத விலங்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் நோய்க்குறி. அடைபட்ட ஓர்க்காக்கள் தொட்டிகளுக்கு இடையிலான இரும்புக் கதவுகளையும் சுவரையும் கடித்துப் பற்களை உடைத்துக்கொள்கின்றன. 29 ஓர்க்காக்களின் படங்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், எல்லாவற்றுக்கும் பற்சிதைவு இருந்தது கண்டறியப்பட்டது. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீந்த வல்ல, நூறு மீட்டருக்கும் கீழே மூழ்க வல்ல ஓர் உயிருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமுள்ள தொட்டி எவ்வளவு சிறியது என்று அறியக் கொலை எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

படத்தின் இதயம்

'மனிதருக்கு ஆபத்து' என்ற திகில் கதைக்குள் அமைதியாக இருக்கும் இரண்டு பகுதிகள்தான் என் பார்வையில் இப்படத்தின் இதயம்.

முதலாவது, 1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பென் கோவ் என்ற கடற்கழியில் நடந்த பிடிப்பு. விமானத்தாலும் படகுகளாலும் வெடிகளாலும் ஒரு பெருங்கூட்டத்தை விரட்டி வளைத்தார்கள். ஏற்றிச் செல்லும் செலவு குறைவு என்பதால் இளங்குட்டிகளே வேண்டும். அந்த வேலையில் இருந்த முக்குளிப்பாளர் ஜான் குரோ, முதிய வயதில் கேமரா முன் அமர்ந்து பேசுகிறார். குட்டிகளை இழுத்தபோது, வலைக்கு வெளியே இருந்த பெரியவை தப்பிப் போகவில்லை. அங்கேயே நின்று கத்தின. வலையில் சிக்கி இறந்தவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல் நிரப்பிக் கடலில் அமிழ்த்தச் சொன்னார்கள். இதைச் சொல்லும்போது அந்த மனிதரின் குரல் உடைகிறது. தன் வாழ்நாளில் செய்த செயல்களிலேயே கொடியது இதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். இங்கே பின்னணி இசைகூடத் தேவைப்படவில்லை.

அன்று பிடிபட்டவற்றில் ஒன்றுதான் லொலிட்டா என்றும் டோக்கிட்டே என்றும் அழைக்கப்பட்ட பெண் ஓர்க்கா. அது மயாமி நகரத் தொட்டியிலேயே வாழ்ந்து 2023 ஆகஸ்டில் இறந்தது.

இரண்டாவது, தாயையும் குட்டியையும் பிரித்த கதைகள். ஓர்க்காக்களின் சமூகம் தாய்வழிச் சமூகம். பசிபிக் கரையோரக் கூட்டங்களில் மகனும் மகளும் வளர்ந்த பின்னும் வாழ்நாள் முழுவதும் தாயோடு இருப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கே உரிய ஒலிவழக்கு உண்டு. வட்டார வழக்கு என்று நாம் சொல்வதைப் போல. கசட்காவிடமிருந்து அதன் மகள் தகாராவைப் பிரித்து வேறு பூங்காவுக்கு அனுப்பினார்கள். அதன்பின் தாய் எழுப்பிய ஒலிகள், அதுவரை அதனிடம் யாரும் கேட்டிராதவை என்று முன்னாள் பயிற்சியாளர் ஜான் ஹார்க்ரோவ் சொல்கிறார். ஆய்வாளர் ஒருவர் வந்து அவற்றைப் பகுத்துப் பார்த்தபோது, அவை நெடுந்தொலைவுக்குக் கேட்க எழுப்பும் அழைப்புகள் என்று தெரிந்ததாம். எங்கோ இருக்கும் மகளைத் தேடித் தாய் தன் குரலை நீட்டியிருக்கிறது.

இதில் எவரும் சாகவில்லை. நீதிமன்ற வழக்கு இல்லை. காப்பீட்டுத் தொகை இல்லை. ஆயினும், இத்தொழிலை நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை. டான் பிரான்ஷோ இறக்காதிருந்தால் இந்தப் படமே எடுக்கப்பட்டிருக்காது என்பதும் உண்மை. ஒரு விலங்கின் துயரம் நம் காதில் விழுவதற்கு, முதலில் ஒரு மனிதர் இறக்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியைப் பார்வையாளரை நோக்கித் திருப்பியிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். அது நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. நுழைவுச்சீட்டு வாங்கிக் கைதட்டியவர்களை வெளியே நிற்க விட்டுவிட்டது.

எதிர்த்தரப்பின் மறுப்புகள்

சீவேர்ல்ட் நிறுவனம் படத்துக்கு நேர்காணல் தர மறுத்துவிட்டது. வெளிவந்த பின், படம் ஒருதலையான பரப்புரை என்று 69 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் கவனிக்கத்தக்கவை சில.

ஒன்று: பேசிய பயிற்சியாளர்களில் பலர் நெடுங்காலத்துக்கு முன்பே வேலையை விட்டவர்கள், திலிகத்தோடு நெருங்கிப் பழகாதவர்களும் அவர்களில் உண்டு. இது நியாயமான குறை. யார் எந்த ஆண்டுகளில், எந்த விலங்கோடு வேலை செய்தார்கள் என்று படம் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு: பல பத்தாண்டுகளாகத் தாங்கள் கடலில் ஓர்க்காக்களைப் பிடிப்பதில்லை. இது உண்மையே. ஆனால் தொட்டியில் பிறந்த குட்டிக்கும் அதே தொட்டிதான், அதே பிரிவுதான்.

மூன்று: ஆயுள். கடலில் பெண் ஓர்க்கா சராசரியாக ஐம்பது ஆண்டளவு வாழும்; சில எண்பதைக் கடந்ததாகவும் மதிப்பிடுகிறார்கள். பூங்கா ஊழியர்கள் 25 முதல் 30 ஆண்டுகள் என்று பார்வையாளரிடம் சொல்வதைப் படம் காட்டுகிறது. 2015-இல் சீவேர்ல்ட் ஆய்வாளர்கள் தங்கள் ஓர்க்காக்களின் ஆயுள் கடலில் உள்ளவற்றின் ஆயுளுக்கு ஒப்பானது என்று கட்டுரை வெளியிட்டனர். அதே ஆண்டில், படத்தில் பேசிய முன்னாள் பயிற்சியாளர்கள் இருவர் எழுதிய கட்டுரை, அடைபட்டவற்றின் நிலை மேம்பட்டு வந்தாலும் குறைவே என்றது. இரு தரப்புக்கும் சார்பு உண்டு என்பதை மாணவர் மனத்தில் கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்ற கணக்கு முடிந்தாலும், எப்படி வாழ்ந்தது என்ற கேள்வி முடியாது.

நான்கு: டான் பிரான்ஷோவின் குடும்பத்தார் இப்படத்தில் தங்களுக்குத் தொடர்பில்லை என்றும், டான் தம் விலங்குகளை நேசித்தவர் என்றும் அறிவித்தனர். இறந்த ஒருவரின் சாவை வைத்து, அவர் தம் வாழ்வையே தந்த தொழிலைக் கண்டிப்பது நுட்பமான அறச்சிக்கல். படம் அவரை மதிப்போடு நடத்துகிறது என்றாலும், அவர் குரல் அதில் இல்லை. ஒருவேளை அவர் உயிரோடு இருந்திருந்தால் படத்தின் கருத்தை மறுத்திருக்கவும் கூடும்.

'கல்வி' என்னும் சாக்கு

கடற்பூங்காக்கள் தங்களைக் காத்துக்கொள்ள எப்போதும் சொல்வது, குழந்தைகள் இங்கே கடலை நேசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் இதைப் பற்றி ஒன்று சொல்லலாம். மாணவர்களை விலங்குக் காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னதுண்டு. பெரும்பாலோர் எழுதியது, எந்த விலங்கு தங்களைப் பார்த்தது, எது குட்டிக்கரணம் போட்டது, எது தூங்கிக்கொண்டே இருந்து ஏமாற்றியது என்பதைத்தான். விலங்கு தங்களுக்கு என்ன செய்தது என்பது அவர்கள் நினைவில் நின்றது. அது எங்கே, எப்படி, யாரோடு வாழ்வது என்பது நிற்கவில்லை. அது குழந்தைகளின் குற்றமல்ல. நாம் காட்டியது அதைத்தான்.

அடைபட்ட ஆண் ஓர்க்காக்களின் முதுகுத் துடுப்பு ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். கடலில் இது மிகக் குறைவு. ஆனால் இது இயல்பானதே என்று பூங்காவில் கற்பிக்கப்படுவதைப் படம் பதிவு செய்திருக்கிறது. இதைக் கேட்ட குழந்தை பாடம் கற்கவில்லை; தவறான பாடத்தை வியப்போடு கற்றது. பிறகு அதை அழிப்பது கடினம் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

படத்தின் தாக்கம்

2013 ஏப்ரலில்தான் சீவேர்ல்ட் பங்குச் சந்தையில் நுழைந்திருந்தது. 2014 ஆகஸ்டில் ஒரே நாளில் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. தொட்டிகளைப் பெரிதாக்கும் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. 2015 அக்டோபரில் கலிபோர்னியக் கடற்கரை ஆணையம், அங்கே இனி இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு அதற்கு ஒப்புதல் தந்தது. திட்டம் கைவிடப்பட்டது. 2016 மார்ச்சில், ஓர்க்கா இனப்பெருக்கத்தையே நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. கனடா 2019-இலும், பிரான்சு 2021-இலும் திமிங்கலங்களையும் டால்பின்களையும் கேளிக்கைக்காக அடைப்பதற்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்தன. இவை எல்லாவற்றுக்கும் படம் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. பல ஆண்டுகளாகப் போராடியவர்களின் உழைப்பு அதில் உண்டு. படம் அந்த உழைப்புக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது.

மறுபக்கமும் உண்டு. சீனாவில் புதிய கடற்பூங்காக்கள் எழுந்தன. 2018-இல் இரசியாவின் கிழக்குக் கரையில், விற்பனைக்காகப் பிடித்த 11 ஓர்க்காக்களும் ஏறத்தாழ 90 வெண்திமிங்கலங்களும் சிறு கூண்டுகளில் அடைக்கப்பட்டிருந்தது வெளிவந்து, பெரும் எதிர்ப்புக்குப் பிறகே விடுவிக்கப்பட்டன. ஒரு நாட்டில் மூடிய கடை இன்னொரு நாட்டில் திறக்கிறது.

இந்தியாவும் சென்னையும்

இச்செய்தி நமக்குத் தொலைவானதல்ல. 1990-களின் இறுதியில் சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் இயங்கிய 'டால்பின் சிட்டி' பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டன. சில மாதங்களுக்குள் அவை இறந்துபோயின. சாலைக்கு அந்தப் பக்கம், டால்பின்கள் தாமாகவே வந்துபோகும் வங்கக் கடல்.

பிறகு கொச்சி உள்ளிட்ட சில இடங்களில் டால்பின் காட்சியகங்கள் அமைக்கத் திட்டமிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2013 மே 17 அன்று இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், வணிகக் கேளிக்கைக்காகத் திமிங்கல, டால்பின் இனங்களை அடைத்துவைக்கும் எந்த அமைப்புக்கும் அனுமதி தர வேண்டாம் என்று மாநில அரசுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 'பிளாக்ஃபிஷ்' தொலைக்காட்சியில் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே இது நடந்தது.

இச்சுற்றறிக்கையை வைத்து, இந்தியா டால்பின்களை 'மனிதரல்லாத நபர்கள்' என்று சட்டப்படி அறிவித்துவிட்டது என்ற செய்தி இணையத்தில் இன்றும் உலவுகிறது. அது தவறு. டால்பின்களை அவ்வாறு கருத வேண்டும் என்று அறிவியலாளர் சிலர் சொல்வதைச் சுற்றறிக்கை எடுத்துக்காட்டியது. சட்டத் தகுதி எதையும் வழங்கவில்லை. நல்ல செய்தியாக இருந்தாலும் சரிபார்த்தே பகிர வேண்டும்.

படம் விட்டுவிட்ட கேள்வி

அடைத்தது தவறு என்றால், அடைபட்டவற்றை இனி என்ன செய்வது? இதற்குப் படம் ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை. கடலில் திறந்துவிடு என்பது கேட்க இனிமையானது. 1993-இல் வெளிவந்த 'ஃப்ரீ வில்லி' திரைப்படத்தில் நடித்த கைக்கோ என்ற ஓர்க்காவுக்கு அதைச் செய்து பார்த்தார்கள். பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் 2002-இல் அது ஐசுலாந்திலிருந்து நீந்தி நார்வேயை அடைந்தது. ஆனால் காட்டு ஓர்க்காக் கூட்டத்தோடு முழுமையாகச் சேரவில்லை. மனிதரைத் தேடியே வந்தது. 2003 டிசம்பரில் நுரையீரல் அழற்சியால் இறந்தது. அதைத் தோல்வி என்பாரும் உண்டு. கடைசி ஆண்டுகளையாவது கடலில் கழித்தது என்பாரும் உண்டு.

தொட்டியில் பிறந்தவற்றுக்கு வேட்டையாடவும் தெரியாது. திரும்பிச் செல்லக் குடும்பமும் இல்லை. கடலின் ஒரு பகுதியை வலையால் அடைத்து, மனிதர் பராமரிப்பில், காட்சியின்றி வாழவிடும் சரணாலயங்களே இடைவழி. 2019-இல் சாங்காய் நகரிலிருந்து இரண்டு வெண்திமிங்கலங்கள் ஐசுலாந்துக்கு இதற்காகக் கொண்டுசெல்லப்பட்டன. ஆனால் இத்தகைய இடங்கள் மிகக் குறைவு. செலவு மிக அதிகம். பிரான்சின் ஆன்டீப் நகரப் பூங்கா 2025 சனவரியில் மூடப்பட்டபோது, அங்கிருந்த தாயும் மகனுமான இரண்டு ஓர்க்காக்களுக்குப் போக இடமில்லாமல், ஆளில்லாத பூங்காவின் தொட்டியிலேயே இருக்க நேர்ந்தது. சட்டம் கதவை மூடியது. உள்ளே இருந்தவற்றுக்கு வேறு கதவைத் திறக்கவில்லை.

மதிப்பீடு

'பிளாக்ஃபிஷ்' நடுநிலையான படம் அல்ல. அது ஒரு வழக்கறிஞரின் வாதம். வாதம் என்று தெரிந்து பார்த்தால் சிறந்த படம். தீர்ப்பு என்று எண்ணிப் பார்த்தால் சில இடங்களில் தவறாக வழிநடத்தும். திலிகத்தின் மனநிலை பற்றி அது சொல்வதை ஊகமாகவும், பிடிப்பு, பிரிப்பு, கூண்டு பற்றி அது காட்டுவதைச் சான்றாகவும் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிரித்தபின் மிஞ்சுவதே இத்தொழிலை மறுக்கப் போதுமானது.

உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஆசிரியர் துணையோடு இதைத் திரையிடலாம். சிறு குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. மரணங்கள் பற்றிய விவரிப்பு கடுமையானது. பார்த்து முடிந்ததும் நிறுவனத்தைத் திட்டுவதோடு நிறுத்திவிடாமல், ஒரு கேள்வியை வகுப்பில் வைக்கலாம்: மூன்று மனிதர்களும் இறக்காமல், திலிகம் சாதுவாகவே முப்பத்து மூன்று ஆண்டுகள் தொட்டியில் சுற்றிவந்து இறந்திருந்தால், அது சரியாகிவிடுமா? அதற்கு மாணவர்கள் சொல்லும் விடையில்தான் படம் அவர்களுக்கு எந்த அளவு போய்ச் சேர்ந்தது என்பது தெரியும்.